துணியொன்றிற் கண்ட வரலாறு

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டன் மாநகரத்துக் கலைக் கல்லூரியொன்றில் ஆபிரிக்க மாணவர் ஒருவர் ஓவியம் பயின்றுகொண்டிருந்தார். சோவியத்து நாட்டிலே கொர்பச்சேவ் தொடங்கிய சீர்திருத்தங்களைப் பற்றி உலகம் முழுவதும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. உலக நடப்பிலே கருத்தூன்றியவரான அம்மாணவர் அச்சீர்திருத்தங்களையே பொருளாகக் கொண்டு சில படைப்புக்களை ஆக்கினார். அவற்றைப் பார்வையிட்ட ஆசிரியர் ஒருவர், ஆபிரிக்கராகிய நீர் இவற்றையெல்லாம் ஏன் எடுத்துக்கொள்கின்றீர், ஆபிரிக்காவுக்கே உரிய உண்மையான கலையை ஆக்கலாகாதா என்ற கருத்துப்பட வினவினார்.

மேலோட்டமாக நோக்கினால் இவ்வினாவிலே குற்றம் காண்பது அரிது. உன் முன்னோரின் செல்வத்தை மறவாதே என்று அன்போடு சொல்வது போலவே அது தோன்றும். ஆனால் அவ்வன்பினுள்ளே ஒரு வேலியும் இருந்தது. ஆங்கில மாணவன் ஒருவன் யப்பானிய முறையிலே சித்திரம் வரைந்தால், உண்மையான ஆங்கிலக் கலையை ஏன் ஆக்கவில்லை என்று அவனை எவரும் கேட்பதில்லை. உலகம் முழுவதும் அவன் பார்வைக்கு உரியது. ஆபிரிக்க மாணவருக்கோ ஆபிரிக்கா மட்டுமே உரியது. இதுவே அவ்வினாவின் உட்பொருள்.

அம்மாணவர் சினங்கொண்டு கல்லூரியை விட்டு அகலவுமில்லை; ஆசிரியரை மகிழ்விக்கும்பொருட்டு முகமூடிகளையும் முரசுகளையும் வரையத் தொடங்கவுமில்லை. ஆசிரியரின் வினாவையே தமக்குரிய வினாவாக மாற்றிக்கொண்டார். உண்மையான ஆபிரிக்கப் பொருள் என்பது யாது? அதனைத் தீர்மானிப்பவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியதே அவருடைய வாழ்க்கைப் பணியாயிற்று. அவர் பெயர் யிங்கா ஷொனிபாரே. நைஜீரியாவின் யொரூபா இனத்திலே தோன்றி, இன்று உலகறிந்த கலைஞர்களுள் ஒருவராக விளங்குகின்றார்.

இவர் பணியை அறியுமுன் யொரூபா மக்களைப் பற்றிச் சில செய்திகளை அறிதல் நன்று. நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியிலும் அதனை அடுத்துள்ள பெனின் குடியரசிலும் வாழும் இம்மக்கள் கோடிக்கணக்கானோர். நகர வாழ்க்கையிலே நெடுங்காலம் பழகியவர்கள். இஃபே என்னும் நகரத்தையே தங்கள் இனத்தின் தொட்டிலாகக் கருதுகின்றனர். ஐரோப்பியர் அக்கரையிலே காலடி வைப்பதற்கு முன்னரே இஃபே நகரத்துச் சிற்பிகள் மெழுகுக் கருவினைக் கொண்டு உலோகத் தலையுருவங்களை வார்த்தனர். உயிருள்ள மனிதரின் முகம் போலவே அமைந்த அவ்வுருவங்கள் உலகக் கலைச் செல்வங்களுள் வைத்து எண்ணத்தக்கன.

1910 ஆம் ஆண்டில் லியோ ஃபுரோபேனியுஸ் என்னும் ஜேர்மானிய ஆய்வாளர் இஃபேயிலே அத்தகைய தலையுருவம் ஒன்றைக் கண்டார். அதன் அழகை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஆபிரிக்கக் கைகள் அதனைச் செய்திருக்கும் என்பதை அவர் மனம் ஏற்கவில்லை. ஆதலின் கடலில் மூழ்கியதாகக் கிரேக்கர் கதை கூறும் அத்திலாந்திசு நாட்டார் அங்கு வந்து குடியேறி அதனைச் செய்திருக்கவேண்டும் என்று எழுதினார். 1938 ஆம் ஆண்டில் அந்நகரிலே வீடு கட்டுவதற்காக நிலத்தை அகழ்ந்தபோது மேலும் பல உலோகத் தலைகள் வெளிப்பட்டன. கதை பொய்த்தது, சிற்பம் நிலைத்தது.

இந்நிகழ்ச்சியையும் முன்னர்க் கூறிய ஆசிரியரின் வினாவையும் ஒருசேர எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முன்னவர், ஆபிரிக்கர் இத்துணை உயர்ந்ததைச் செய்திருக்க மாட்டார் என்றார். பின்னவர், ஆபிரிக்கர் ஆபிரிக்கத்தன்மை உள்ளதையே செய்யவேண்டும் என்றார். இருவரும் ஆபிரிக்கரின் எல்லையைத் தாமே வரையத் துணிந்தவர்கள்.

ஷொனிபாரே 1962 ஆம் ஆண்டில் இலண்டனிலே பிறந்தார். நைஜீரியா பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்று அப்பொழுது ஈராண்டுகளே கழிந்திருந்தன. அவருக்கு மூன்று வயதாகியபோது குடும்பம் லாகோஸ் நகருக்குத் திரும்பிற்று. வீட்டிலே யொரூபா மொழி, பள்ளிக்கூடத்திலே ஆங்கிலம். காலையில் ஓர் உலகமும் மாலையில் வேறோர் உலகமுமாக வளர்ந்த அப்பிள்ளைக்கு இரண்டும் அந்நியமல்ல. பதினேழு வயதளவில் மேற்படிப்பின்பொருட்டு அவர் மீண்டும் இங்கிலாந்து சென்றார்.

அங்கே கலைக் கல்வி தொடங்கிய காலத்தில், இருபது வயது நிரம்புமுன்னரே, பெருந்துன்பம் ஒன்று அவரைத் தாக்கிற்று. முள்ளந்தண்டினுள்ளே செல்லும் நரம்பு வடத்தில் அழற்சி ஏற்பட்டமையால் உடலின் ஒரு பக்கம் நிலையாக வலுவிழந்தது. நீண்ட கால மருத்துவத்தின் பின்னரே கல்வியைத் தொடர அவரால் இயன்றது. தமது கையாலேயே பெரிய சிற்பங்களைச் செதுக்குதல் இவருக்கு இயலாது. ஆதலின் கருத்தும் திட்டமும் தம்முடையனவாக, தையற்காரரும் உருவமைப்போரும் பிறரும் துணைநிற்க, பலர் கைகளைக் கொண்டு தம் படைப்புக்களை நிறைவேற்றும் முறையை இவர் கைக்கொண்டார். கோயில் கட்டிய பெருந்தச்சன் ஒவ்வொரு கல்லையும் தானே செதுக்கவில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இம்முறை வியப்பளிக்காது.

இனி, ஆசிரியரின் வினாவுக்கு இவர் கண்ட விடையைக் காண்போம். அவ்விடை நூலகத்திலே கிடைத்ததன்று, சந்தையிலே கிடைத்தது. தென் இலண்டனில் பிறிக்ஸ்ரன் என்னும் பகுதியில் ஆபிரிக்கரும் மேற்கிந்தியத் தீவினரும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அங்குள்ள சந்தையிலே ஆபிரிக்கத் துணி என்ற பெயரோடு பளிச்சென்ற நிறங்களும் பெரிய பெரிய கோலங்களும் உடைய பருத்தித் துணி விற்கப்படுகின்றது. மேற்கு ஆபிரிக்கப் பெண்கள் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் உடுத்தும் துணி அது. அதன் பிறப்பை ஷொனிபாரே ஆராய்ந்தார். ஆபிரிக்கத் துணி என்று உலகம் நம்பியிருந்த அது ஆபிரிக்காவிலே தோன்றியதன்று என்பதைக் கண்டார்.

அதன் மூலம் யாவாத் தீவின் பத்திக் துணியாகும். உருக்கிய மெழுகினால் துணியிலே கோலம் வரைந்து, பின்னர் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்திலே சாயம் பற்றுவதில்லை. மெழுகை நீக்கியதும் கோலம் வெளிப்படும். யாவாப் பெண்கள் இதனைப் பொறுமையோடு கையாற் செய்தனர். யாவாவை ஆண்ட ஒல்லாந்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இத்துணியை இயந்திரத்தினால் மலிவாகச் செய்து யாவாவிலேயே விற்று இலாபமடைய எண்ணினர். ஒல்லாந்திலே ஹெல்மொண்ட் என்னும் ஊரில் 1846 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஆலையொன்று இத்தொழிலிற் பின்னர்ப் பெரும் புகழ் பெற்றது. இங்கிலாந்தின் மன்செஸ்ரர் ஆலைகளும் இத்தொழிலில் இறங்கின.

இயந்திரத்தில் மெழுகுக்குப் பதிலாகப் பிசின் பயன்படுத்தப்பட்டது. பிசின் ஆங்காங்கே வெடித்து, அவ்வெடிப்புக்களினூடே சாயம் கசிந்து, துணி முழுவதும் நரம்பு போன்ற மெல்லிய கோடுகள் படர்ந்தன. நுண்ணிய கைவேலையிலே பழகிய யாவா மக்கள் இதனைக் குறையெனக் கொண்டு துணியை வாங்க மறுத்தனர். ஆனால் அதே துணி மேற்கு ஆபிரிக்கக் கரையை அடைந்தபோது அங்குள்ளோர் அக்குறையையே நிறையாகக் கொண்டனர். ஒரு முழத்துக்கும் மறுமுழத்துக்கும் வேறுபாடு காட்டும் அக்கோடுகள் அவர்களுக்கு அழகாகத் தோன்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, பொற்கரை என்று அந்நாளில் அழைக்கப்பட்ட இன்றைய கானா நாட்டிலே இவ்வாணிகம் வேரூன்றிற்று.

ஆபிரிக்கர் இத்துணியை வாளா வாங்கி உடுத்தவர்களல்லர். எந்தக் கோலம் விலைப்படும், எந்த நிறம் விலைப்படாது என்பதை அங்குள்ள வணிகப் பெண்களே ஆலைகளுக்கு அறிவித்தனர். கோலங்களுக்குப் பெயர் சூட்டியவர்களும் அவர்களே. பறக்கும் குருவியின் உருவத்தைக் கண்டு, பணத்துக்குச் சிறகுண்டு என்று பொருள் கூறினர். தோகோ நாட்டின் லோமே நகரத்திலே இத்துணி வாணிகத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டிய பெண்கள், தாம் ஏறிச் செல்லும் பென்ஸ் மோட்டார் வண்டியின் பெயராலேயே நானா பென்ஸ் என்று அழைக்கப்பட்டனர். 1957 ஆம் ஆண்டில் கானாவும் 1960 ஆம் ஆண்டில் நைஜீரியாவும் விடுதலை பெற்றபோது ஐரோப்பிய உடையை நீக்கி இத்துணியை அணிதல் நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. யாவாவிலே கருக்கொண்டு, ஒல்லாந்திலே பிறந்து, ஆபிரிக்காவிலே வளர்ந்த துணி ஆபிரிக்காவின் கொடிபோல ஆகிவிட்டது!

இத்தகைய துணி வரலாற்றிலே தமிழ்க் கரைக்கும் பங்குண்டு. பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கம்பனிகள் சோழமண்டலக் கரையிலே நெய்து சாயமிட்ட பருத்தித் துணிகளைப் பெருவாரியாக வாங்கின. ஒல்லாந்தர் அவற்றை யாவாவுக்கும் மற்றைய தீவுகளுக்கும் கொண்டுசென்று வாசனைத் திரவியங்களுக்கு விலையாகக் கொடுத்தனர். 1658 ஆம் ஆண்டு முதல் 1796 ஆம் ஆண்டு வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட அதே ஒல்லாந்தக் கம்பனி, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் கிண்டுவித்ததும் துணிக்குச் செந்நிறம் ஊட்டுவதற்கே. சோழமண்டலத்துத் துணிகளுட் சில மேற்கு ஆபிரிக்காவுக்கும் சென்றன. அங்கே அவை மனிதரை அடிமைகளாக வாங்குவதற்கு விலைப்பொருளாயின. தறியிலே அமர்ந்து நெய்த ஏழைக்குத் தன் துணி எங்கே சென்று எதற்கு விலையாயிற்று என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. துணி என்பது மானத்தை மறைப்பது மட்டுமன்று. சில வேளைகளில் வரலாற்றையும் மறைப்பது.

மறைந்திருந்த அவ்வரலாற்றை வெளிப்படுத்துவதற்கே ஷொனிபாரே இத்துணியைக் கையிலெடுத்தார். 1994 ஆம் ஆண்டிலே அவர் ஆக்கிய படைப்பொன்றில் இளஞ்சிவப்புச் சுவரொன்றின்மீது சிறு சட்டகங்கள் ஐம்பது நிரல்பட அமைந்திருந்தன. ஓவியர் வழமையாகப் பயன்படுத்தும் கித்தான் துணிக்குப் பதிலாக இச்சட்டகங்களிலே சந்தையில் வாங்கிய ஆபிரிக்கத் துணி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதற்கு அவர் இட்ட பெயரின் நேர்ப்பொருள் இரட்டை ஒல்லாந்தம் என்பது. ஆங்கிலத்திலே அத்தொடர் பொருள் விளங்காத பேச்சையும் குறிக்கும். துணியின் ஒல்லாந்தப் பிறப்பும், உண்மை ஆபிரிக்கம் என்னும் பேச்சின் பொருளின்மையும் ஒரே பெயரில் அடங்கின. ஆசிரியரின் வினாவுக்கு இதுவே முதல் விடை.

1998 ஆம் ஆண்டிலே அவர் வேறொரு வழியைக் கையாண்டார். விக்ரோறியா மகாராணியார் காலத்து ஆங்கிலச் செல்வச் சீமான் ஒருவனின் ஒரு நாள் வாழ்க்கையை ஐந்து நிழற்படங்களாக அமைத்தார். காலையிலே துயிலெழுதல், பகலிலே அலுவல், மாலையிலே பில்லியட் ஆட்டம், இரவிலே விருந்து எனக் காட்சிகள் விரிகின்றன. சீமான் வேடம் பூண்டவர் ஷொனிபாரேயே. சூழ நின்று பணிசெய்வோர் வெள்ளையர். இப்படங்கள் விளம்பரத் தட்டிகளாக இலண்டனின் நிலக்கீழ்ப் புகைவண்டி நிலையங்களிலே ஒட்டப்பட்டன. வேலைக்கு விரைவோர் அவற்றைக் கண்டு ஒரு கணம் திகைத்திருப்பர். பழைய ஓவியங்களிலே கறுப்பு மனிதன் தட்டேந்தும் வேலையாளாக ஒரு மூலையில் நிற்பதைக் கண்டு திகையாத கண்கள், அவனை நடுவிலே கண்டபோது மட்டும் திகைப்பானேன் என்பதே அப்படங்கள் எழுப்பும் வினா.

இதன் பின்னர் அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தவை தலையற்ற உருவங்கள். பிரெஞ்சு ஓவியர் பிராகோனார் பதினெட்டாம் நூற்றாண்டிலே தீட்டிய ஊஞ்சல் என்னும் ஓவியத்திலே செல்வச் சீமாட்டி ஒருத்தி சோலை நடுவே ஊஞ்சலாடிக் காலணியொன்றை வானிலே உதறுகின்றாள். 2001 ஆம் ஆண்டில் ஷொனிபாரே அக்காட்சியை முழு அளவான உருவமாக அமைத்தார். சீமாட்டியின் பட்டாடை ஆபிரிக்கத் துணியாக மாறியிருந்தது. அவளுக்குத் தலையில்லை. அவ்வோவியம் பிறந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் பிரான்சிலே புரட்சி எழுந்து பிரபுக்களின் தலைகள் கொலைப்பொறியின் கீழ் உருண்டன என்பதை அது நினைவூட்டுகின்றது. தலையில்லாதபோது முகமில்லை, முகமில்லாதபோது இன்ன இனத்தவள் என்று சொல்வதற்கும் இடமில்லை. இப்படைப்பு இலண்டனிலுள்ள ரேற் கலைக்கூடத்தின் சேர்க்கையில் உள்ளது.

2003 ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய படைப்பு இன்னும் கடுமையானது. நீண்ட மேசையொன்றைச் சூழ்ந்து தலையற்ற உருவங்கள் பதினான்கு அமர்ந்திருக்கின்றன. ஆபிரிக்கத் துணியினால் தைத்த ஐரோப்பிய உடைகளை அவை அணிந்திருக்கின்றன. மேசையின் மேற்பரப்பிலே ஆபிரிக்காவின் நாட்டுப்படம் வரையப்பட்டுள்ளது. 1884 ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கி 1885 ஆம் ஆண்டுவரை பேர்லின் நகரிலே நடைபெற்ற மகாநாட்டையே இது காட்டுகின்றது. ஆபிரிக்காவிலே எவர் எவர் எவ்வாறு நிலங்கொள்ளலாம் என்பதற்கு அங்கே பதினான்கு அரசுகளின் தூதுவர்கள் கூடி விதிகள் வகுத்தனர். அம்மேசையிலே ஆபிரிக்கர் ஒருவருக்கும் ஆசனமில்லை. சொந்தக்காரனை அழைக்காது சொத்தைப் பங்கிட்ட அக்கூட்டத்தை விளக்குதற்கு நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. தலையில்லாத பதினான்கு பேர் கைகளை நீட்டி வழக்காடும் காட்சியோ ஒரு நொடியிலே அதனை உணர்த்திவிடுகின்றது.

அயலாரின் அநீதியைச் சினந்து கூறுதல் எளிது. அநீதியினாலே விளைந்த உலகில் யாவரும் கூடி வாழ்வது எவ்வாறு என்று சிந்தித்தல் அரிது. அவ்வரிய முயற்சிக்கு எடுத்துக்காட்டு 2010 ஆம் ஆண்டில் இலண்டன் திரபல்கார் சதுக்கத்தில் வைக்கப்பட்ட படைப்பாகும். 1805 ஆம் ஆண்டில் நடந்த கடற்போரிலே வென்று உயிர்நீத்த நெல்சன் தளபதியின் நினைவாக அமைந்தது அச்சதுக்கம். அதன் நான்கு மூலைகளிலே உள்ள பீடங்களுள் ஒன்று, சிலை வைக்கப் பணம் போதாமையால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வெறுமையாகவே கிடந்தது. 1999 ஆம் ஆண்டு தொடக்கம் அதிலே தற்காலக் கலைப்படைப்புக்கள் மாறிமாறி வைக்கப்பட்டு வருகின்றன.

அப்பீடத்தின்மேல் ஷொனிபாரே மாபெரும் கண்ணாடிப் போத்தல் போன்ற ஒன்றை வைத்தார். அதனுள்ளே நெல்சன் ஏறிச் சென்ற விக்ரறி என்னும் போர்க்கப்பல், முப்பதில் ஒரு பங்கு அளவிலே, பாய்விரித்து நின்றது. பாய்கள் முப்பத்தேழு. அவை வெண்ணிறப் பாய்களல்ல. ஆபிரிக்கத் துணியின் நிறங்களும் கோலங்களும் உடையன. நெல்சனின் வெற்றி கடல்வழிகளைப் பிரித்தானியருக்குத் திறந்துவிட்டது. அவ்வழிகளினாற் பேரரசு விரிந்தது. எந்தக் கடல்வழியாகக் கப்பல்கள் சென்றனவோ அதே கடல்வழியாக ஆபிரிக்கரும் ஆசியரும் மேற்கிந்தியரும் பின்னர் இலண்டனுக்கு வந்து குடியேறினர். அவர்கள் அந்நகரின் விருந்தினரல்லர். அந்நகரின் வரலாறே அவர்களை அங்கே கொண்டுவந்தது. இத்துணையும் அப்பாய்களிலே அடங்கியிருந்தன. பொதுமக்கள் அக்கப்பலைப் பெரிதும் விரும்பினர். அது நாட்டை விட்டு அகலாதிருக்க நிதி திரட்டப்பட்டபோது அவர்களும் நன்கொடை அளித்தனர். 2012 ஆம் ஆண்டில் அது கிறீனிச் நகரிலுள்ள தேசியக் கடல்சார் நூதனசாலையின் வெளியே நிலையாக நிறுவப்பட்டது.

குடியேற்றம் பற்றிய இக்கருத்தை 2014 ஆம் ஆண்டில் அவர் நூல்நிலையம் ஒன்றின் வடிவிலே விரித்துரைத்தார். பிறைற்றன் நகரத்துப் பழைய நூலக மண்டபத்திலே முதன்முதல் வைக்கப்பட்ட அப்படைப்பு 6,328 நூல்களைக் கொண்டது. ஒவ்வொரு நூலும் ஆபிரிக்கத் துணியினால் உறையிடப்பட்டது. நூல்கள் பலவற்றின் முதுகிலே பொன்னெழுத்திற் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பிற நாடுகளிலிருந்து தாமோ தம் பெற்றோரோ வந்து பிரித்தானியாவின் வாழ்வை வளம்படுத்தியோரின் பெயர்கள் அவை. ஆனால் குடியேற்றத்தை எதிர்த்துப் பேசியோரின் பெயர்களும் அவற்றிடையே இடம்பெற்றன. தம்மை வெறுப்போரையும் தம் நூலகத்திலிருந்து அவர் விலக்கவில்லை. பெயர் பொறியாத நூல்களும் அங்கே உள்ளன. இனி வரப்போவோரின் கதைக்கு இடம் விட்டதாக அவற்றைக் கொள்ளலாம்.

2024 ஆம் ஆண்டில் இலண்டனிலே நடந்த கண்காட்சியொன்றில் விக்ரோறியா, சேர்ச்சில், கிளைவ் முதலியோரின் சிலைகளைச் சிறிய அளவில் அமைத்து அவற்றின்மேல் இக்கோலங்களைத் தீட்டியிருந்தார். பேரரசைக் கட்டியோரின் சிலைகளை உடைத்தெறிவதா, அப்படியே வைத்திருப்பதா என்று மேல்நாடுகளிலே வழக்கு எழுந்திருந்த காலம் அது. உடைக்காமலும் வணங்காமலும் வேறு உடை உடுத்தி நோக்குவோம் என்பது போல அமைந்தது அவர் விடை. அதே ஆண்டு வெனிஸ் நகரத்துக் கலைவிழாவிலே நைஜீரியாவின் மண்டபத்தில், 1897 ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை பெனின் நகரைத் தாக்கிக் கவர்ந்துசென்ற அரண்மனைச் சிற்பங்களின் பிரதிகளைக் களிமண்ணாற் செய்து குவித்தார். அப்படையை நடத்திய தளபதி றோசனின் மார்பளவுச் சிலை, அவர் கவர்ந்த பொருள்கள் நூதனசாலைகளிலே அடைபட்டிருப்பது போலவே, கண்ணாடிப் பேழையினுள்ளே வைக்கப்பட்டது.

இவரைக் குறைகூறுவோரும் உளர். பிரித்தானியப் பேரரசின் பெயரால் வழங்கும் விருதினை இவர் 2004 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டமை பலரை வியப்பில் ஆழ்த்திற்று. அதற்கு முந்திய ஆண்டிலேதான், மேற்கிந்தியக் குடும்பத்திற் பிறந்த பெஞ்சமின் செபனையா என்னும் கவிஞர் அத்தகைய விருதொன்றினைப் பேரரசு என்ற சொல்லை முன்னிட்டே மறுத்திருந்தார். ஷொனிபாரே விருதினை ஏற்றதோடு நில்லாது, அவ்விருதின் எழுத்துக்களைத் தம் பெயரோடு சேர்த்தே கலைஞராக வழங்கிவந்தார். பேரரசை வினாவுக்கு உட்படுத்தும் படைப்பின் கீழே பேரரசின் பட்டம் பொறித்த பெயர்! வெளியே நின்று கல்லெறிவதினும் உள்ளே புகுந்து வினவுதல் வலியது என்பது அவர் கொள்கை. இவ்விரு வழிகளுள் எது சிறந்தது என்பதிலே நல்லோரும் கருத்து வேறுபடுவர்.

இன்னொரு குறை ஆழமானது. யொரூபா மக்களுக்கே உரிய துணிகள் இல்லையா? மரவள்ளிக் கூழினாற் கோலமிட்டு அவுரிச் சாயத்திலே தோய்க்கும் அடிரெ என்னும் துணி உண்டு. ஒடுங்கிய தறியிலே நெய்து இணைக்கும் அசோ ஓக்கே என்னும் துணியும் உண்டு. அவற்றை நெய்வோரும் சாயமிடுவோரும் ஆலைத் துணியின் போட்டியால் நலிவுற்றிருக்க, ஒல்லாந்தத் துணிக்கே மேலும் புகழ் சேர்த்தல் முறையாகுமா என்று கேட்பவர்கள் உளர். அக்கேள்வி நியாயமானது. ஆயினும் ஷொனிபாரே அத்துணியைப் புகழ்வதற்காக எடுக்கவில்லை. அதன் பிறப்பை உலகறியச் செய்வதற்காகவே எடுத்தார். அவர் படைப்பைக் கண்டபின் ஒருவர் சந்தையிலே அத்துணியைக் காணும்போது முன்பு கண்டதுபோலக் காண்பதில்லை.

மேலும், தாம் பெற்ற பயனைத் தாய்நாட்டோடு பகிர்ந்துகொள்ளவும் அவர் மறந்தாரல்லர். அவர் தோற்றுவித்த அறநிறுவனம் 2022 ஆம் ஆண்டில் லாகோஸ் நகரிலே கலைஞர்கள் தங்கிப் பணிசெய்வதற்கான இல்லமொன்றைத் திறந்தது. இஜெபு பகுதியிலே விளைநிலத்தோடு கூடிய மற்றோர் இல்லமும் அமைந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் கலைஞர்கள் அங்கு வந்து தங்கி, உள்ளூர்க் கலைஞரோடு பழகி, கற்றும் கற்பித்தும் செல்கின்றனர். கல்வி தேடி இலண்டனுக்கு ஆபிரிக்கர் சென்ற பாதையிலே, கலை தேடி ஆபிரிக்காவுக்கு மற்றையோர் வருகின்றனர்.

கலைக் கல்லூரியிலே அன்று எழுந்த வினாவுக்கு இப்பொழுது விடை காணலாம். உண்மையான ஆபிரிக்கக் கலை யாது என்று கேட்ட ஆசிரியர், கலப்பில்லாத ஒன்றை, தொன்றுதொட்டு மாறாத ஒன்றை, எதிர்பார்த்தார். அத்தகைய பொருள் உலகில் எந்த மக்களிடத்தும் இல்லை. ஆங்கிலேயரின் தேநீர் சீனத்திலிருந்து வந்தது. அதில் இட்ட சீனி அடிமைகள் உழைத்த தோட்டங்களிலிருந்து வந்தது. ஆயினும் தேநீர் ஆங்கிலேயருக்குரியதன்று என்று எவரும் வழக்கிடுவதில்லை. அவ்வாறாயின் யாவாவிலிருந்து வந்த கோலம் மட்டும் ஆபிரிக்கருக்கு உரியதாகாமற் போவது எங்ஙனம்? ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. அதனை உடுத்து, பெயரிட்டு, தம் மகிழ்ச்சியிலும் துயரிலும் பங்குகொள்ளச் செய்தவர் யார் என்பது மற்றொரு கேள்வி. மரபுரிமை என்பது இவ்விரண்டாம் கேள்விக்கு விடையாகவே அமைகின்றது.

ஆனால் முதற் கேள்வியை மறந்துவிடவும் ஆகாது. மறந்தால் அத்துணியோடு வந்த கப்பலும், கப்பலோடு வந்த விலங்கும், மேசையைச் சூழ்ந்திருந்த பதினால்வரும் மறைந்துவிடுவர். துணியின் அழகைக் கண்டு மகிழவேண்டும். அதன் வரலாற்றை அறிந்து நாணவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் ஆற்றலைக் காண்பவர்க்கு அளிப்பதே ஷொனிபாரேயின் பணி.

மாணவன் ஒருவனைப் பார்த்து, நீ இன்ன இனத்தவன், ஆதலால் இதுவே உனக்குரியது என்று எல்லை வகுக்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை. முன்னோரின் செல்வத்தை அவனுக்குக் காட்டலாம், காட்டவும் வேண்டும். அச்செல்வம் அவன் நடந்து செல்லும் வாயிலாக இருக்கவேண்டுமேயன்றி அவனை அடைத்துவைக்கும் மதிலாக இருத்தலாகாது. அன்று ஒரு வேலியாக எழுப்பப்பட்ட வினாவைக் கொண்டே யொரூபா மாணவர் ஒருவர் தமக்கொரு கப்பல் கட்டினார். அதன் பாய்களிலே உலகத்தின் நிறங்களெல்லாம் விரிந்தன.